சிங்கத்துக்கு இரண்டு புரட்டாசி

ஒரு காட்டில் பறப்பதற்கும் சீட்டு வாங்க வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. மனுவைக் கொடுத்தால் கம்ப்யூட்டர் அன்றைய தேதியைப் போட்டுச் சீட்டைத் துப்பும். அன்றைக்கு மட்டும் பறந்துகொள்ளலாம். அந்தக் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டவள் கவசவல்லி என்கிற அழுங்கு, அதாவது எறும்புதின்னி. உடம்பெல்லாம் செதில், மனசு மட்டும் இலவம்பஞ்சு. யாராவது அதட்டினால் பந்தாகச் சுருண்டுகொள்வாள். அதனாலேயே அவளுடைய மேலதிகாரி நரி வல்லபனுக்கு அவளை ரொம்பப் பிடிக்கும்.

ஐப்பசி பிறந்ததிலிருந்து யாரையும் பறக்கவிடாமல் கொட்டிய மழை ஒரு மத்தியானம் ஓய்ந்தது. அலுவலக ஜன்னலுக்கு ஓர் ஈசல் நடந்தே வந்து சேர்ந்தான். பெயர் அந்திராசு. அழுங்குகளுக்கு ஈசல் என்றால் உயிர். ஆனால் மனு கொடுக்க வந்தவரை வேலை நேரத்தில் தின்னக்கூடாது என்று விதி இருந்தது. கவசவல்லி எச்சிலை விழுங்கிக்கொண்டு, "சொல்லுங்க" என்றாள்.

"அம்மா, எங்க சீட்டுல எல்லாம் புரட்டாசின்னு விழுந்திருக்கு. போன மாசச் சீட்டு செல்லாதுன்னு காவலுக்கு நிக்கிற கரிச்சான் குருவி திருப்பி அனுப்பிட்டார். எனக்கு றெக்கை முளைக்கிறதுக்கு முன்னாடியே என் சீட்டு காலாவதி ஆகியிருக்கு."

"நாளைக்குக் காலையில வாங்களேன். பாத்து வைக்கிறேன்."

"நாளைக்கு நான் இருக்கமாட்டேனே அம்மா. பறந்து, கல்யாணம் முடிச்சு, றெக்கை உதிர்ந்து, எல்லாம் இருட்டுறதுக்குள்ள ஆகணும். புத்து வாசல்ல மொத்தச் சனமும் நிக்குது. பொண்ணும் நிக்குது."

கவசவல்லி எல்லோரிடமும் கேட்கும் கேள்வியையே கேட்டாள். "ஒருவாட்டி அணைச்சுப் போட்டுப் பாத்தீங்களா?"

"யாரை, என்னையா? நான் அணைஞ்சா அணைஞ்சதுதான் அம்மா."

அவள் வெட்கப்பட்டு வேலையில் இறங்கினாள். கம்ப்யூட்டரின் கடிகாரம் சரியாக ஓடியது. அச்சடிக்கும் பெட்டியிலும் கோளாறில்லை. தேதியைக் கண்டுபிடித்துச் சொல்லும் நிரலைத் திறந்து, சோதனைக்காகச் சித்திரை ஒன்று என்று கொடுத்தாள். 'ஒன்று' வந்தது. மாதம் வரவேண்டிய இடம் வழுக்கையாக இருந்தது. வைகாசி கொடுத்தால் சித்திரை வந்தது.

பிடி கிடைத்துவிட்டது. அந்த நிரல்மொழியை உண்டாக்கியவை மலைக்கு அந்தப் பக்கத்துக் குரங்குகள். குரங்கு எதை எண்ணினாலும் முதல் பழத்தை வாயில் போட்டுவிட்டுத்தான் எண்ணத் தொடங்கும். அதனால் அவற்றுக்கு முதல் மாதம் பூஜ்யம். தேதியை மட்டும் ஏன் ஒன்றிலிருந்து எண்ணின என்று கேட்டால், அன்றைக்குப் பழம் கிடைக்கவில்லையோ என்னவோ. எப்படியானாலும் மாதத்தோடு ஒன்றைக் கூட்டிவிட்டால் தீர்ந்தது. அனுமதி வாங்க வல்லபனிடம் ஓடினாள்.

"வல்லி, கதவைச் சாத்து" என்றான் நரி. "குகையில ராஜா பார்க்கிற மாதப் பலகைக்கும் இதே நிரல்தானே?"

"ஆமா சார்."

"ராஜா புரட்டாசி முழுக்கக் கறி தொடாம தயிர்சாதம் சாப்பிட்டார். விடிஞ்சா ஐப்பசின்னு நாக்கைத் தீட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்த அன்னைக்குத்தான் நாம இந்த நிரலைப் போட்டோம். விடிஞ்சது. பலகையில மறுபடியும் புரட்டாசி ஒண்ணு. பெருமாள் சோதிக்கிறார்னு நினைச்சு மறுபடியும் தயிர்சாதத்துல உட்கார்ந்துட்டார். மான் எல்லாம் அவர் முன்னாடியே குட்டிக்குப் பால் கொடுக்குது. இப்போ நீ ஒண்ணைக் கூட்டினா?"

கவசவல்லி சுருண்டுகொண்டாள். பந்துக்குள்ளிருந்து ஒரு குரல் மட்டும் வந்தது. "ஈசலுக்கு மட்டும் கூட்டட்டுமா சார்?"

நரி யோசித்தான். யாருக்கும் நஷ்டமில்லை. சரி என்றான்.

அவள் ஓடிப்போய், மனு கொடுப்பது ஈசலானால் மாதத்தோடு ஒன்றைக் கூட்டு என்று நிரலில் ஒரு வரி சேர்த்தாள். சீட்டுகள் ஐப்பசி, ஐப்பசி என்று வந்து விழுந்தன. அந்திராசு அவளைக் கும்பிட்டுவிட்டுத் தன் சீட்டை வாயில் கவ்விக்கொண்டு ஓடினான். சற்று நேரத்தில் புற்றிலிருந்து புகை கிளம்பியதுபோல் மொத்தச் சனமும் மேலே போனது. ஜன்னலில் நின்று பார்த்த கவசவல்லிக்குக் கண் நிறைந்தது. வயிறு காலியாகவே இருந்தது.

ஈசல் என்றால் விளக்கைத் தேடும். அன்று காட்டில் விளக்கு எரிந்த ஒரே இடம் சிங்கத்தின் குகை. கல்யாண மும்முரத்தில் யாரோ நழுவவிட்ட சீட்டு ஒன்று நேராகத் தயிர்சாதத்தில் விழுந்தது. சிங்கம் அதை நக்கிச் சுத்தம் செய்து, நரியைக் கூப்பிட்டு அனுப்பியது.

"வல்லபா, இதைப் படி."

"ஐப்பசி, அரசே."

"பலகையில் புரட்டாசி என்று இருக்கிறதே."

"அது ஈசல்களின் ஐப்பசி. நமக்கு இன்னும் வரவில்லை."

சிங்கம் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. "இது இப்போது யார் கையில் இருக்கிறது?"

"தங்கள் கையில்தான், அரசே."

"அப்படியானால் எனக்கும் வந்துவிட்டது" என்றது சிங்கம். வல்லபன் கலந்துகொண்ட கடைசிக் கூட்டம் அது.

சாப்பிட்டு முடித்ததும் சிங்கத்துக்குப் பயம் பிடித்துக்கொண்டது. விரதம் முறிந்திருந்தால் பெருமாள் சும்மா விடுவாரா? மீசையில் நரிமுடி ஒட்டியிருக்க, கவசவல்லியின் ஜன்னலுக்கே வந்து நின்றது.

"பொய் சொல்லாமல் சொல். இது புரட்டாசியா, ஐப்பசியா?"

புரட்டாசி என்றால் அரசர் பாவியாகிவிடுவார். பாவியாக்கியவளைச் சும்மா விடமாட்டார். ஐப்பசி என்றால் விடிவதற்குள் மான்குட்டிகள் மிஞ்சாது. சுருண்டுகொள்ளத்தான் நினைத்தாள். நேரமில்லை.

"அரசே, தாங்கள் சாப்பிட்டபோது ஐப்பசி. இப்போது புரட்டாசி."

சிங்கத்தின் முகம் தெளிந்தது. "எனக்கும் அப்படித்தான் பட்டது" என்று சொல்லி, காலியாக இருந்த மேலதிகாரி பதவியை அங்கேயே அவளுக்குக் கொடுத்துவிட்டு, மிச்சத் தயிர்சாதத்தைச் சாப்பிடப் போனது.

நீதி: இன்று என்ன மாதம் என்று யாராவது கேட்டால், நாட்காட்டியைப் பார்க்காதே, கேட்பவரின் பல்லைப் பார்த்துப் பதில் சொல்.