பன்டிக்கு வெயில் காட்டிய கதை

காவடிக்காக மடித்து வைத்திருந்த மஞ்சள் துணியின் மேல், மூன்றாவது முறையாகப் பன்டிக்கு வயிற்றால் போயிருந்தது.

ஜெகநாதன் துணியைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். லுங்கிக் கடையில் இருபத்தைந்து வருடம் துணி மடித்த கை அது. இன்று சுருட்டத்தான் முடிந்தது.

பன்டி ஒரு ஃபெரட். கீரியைப் போல நீளம், வெள்ளை உடம்பு, எப்போதும் எதையோ திருடப்போகிற முகம். ஜெகநாதனின் மனைவி கல்பனாவின் தம்பி ராஜீவ் சென்னையில் வளர்ப்பது. கம்பெனி அவனைச் சிங்கப்பூருக்கு அனுப்பியபோது, "பாவா, என் உசிரையே உங்க கையில குடுத்துட்டுப் போறேன்" என்று கூண்டையும் ஒரு பை தீனியையும் வைத்துவிட்டுப் போனான். தீனி பத்தே நாளில் தீர்ந்தது. அந்தத் தீனி திருத்தணியில் எந்தக் கடையிலும் இல்லை.

வீட்டிலோ விரதம். போன வருடம் ஜெகநாதனுக்குப் பஸ்ஸில் நெஞ்சு வலி வந்தது. ஆஸ்பத்திரியில் அவர் கண் விழிப்பதற்குள் கல்பனா முருகனுக்குக் காவடி நேர்ந்துகொண்டாள். ஆடிக் கிருத்திகை வரைக்கும் நாற்பத்தெட்டு நாள் அந்த வீட்டு வாசலை முட்டை கூடத் தாண்டக் கூடாது. தாண்டினால் என்ன ஆகும் என்று அவள் சொல்லவில்லை. ஜெகநாதனுக்குச் சொல்ல வேண்டியதும் இல்லை. விரதம் அவர் நெஞ்சுக்கு. விரதம் கெட்டால் நெஞ்சும் கெடும்.

ஆகவே பன்டி தயிர் சாதம் தின்றது. வயிற்றால் போனது. ஓம வாட்டர் கொடுத்தார்கள், வாந்தியும் சேர்ந்துகொண்டது. வாழைப்பழம் கொடுத்த பிறகு நடந்ததைச் சொல்லாமல் விடுவதே மரியாதை.

ராஜீவ் வீடியோ காலில் வந்தபோது ஜெகநாதன் பன்டியின் முகத்தை மட்டும் காட்டினார்.

"ஏன் பாவா இளைச்சாப்ல கீது?"

"போன்ல அப்பிடித் தெரியுது மச்சான்."

போனை வைத்தவுடன் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். கல்பனா ஓடி வந்தாள். "மார்ல வலிக்குதா? உக்காருங்க."

மறுநாள் கால்நடை டாக்டர் பிரபாவதியிடம் பன்டியைத் தூக்கிக்கொண்டு போனார். இரண்டு மாடுகளுக்கு நடுவில் நின்று கூடையைத் திறந்தார்.

"தயிர் சாதமா?" டாக்டர் அவரை ஒரு மாதிரி பார்த்தார். "இது கறி திங்கிற ஜீவன்ங்க. கொஞ்சம் கோழிக்கறி, கூட ஒரு சின்னத் துண்டு ஈரல். ஒரு நாளைக்கு ஒரு வாட்டிதான். ஜாஸ்தி குடுத்தா திரும்பவும் வயித்தால போவும்."

"பனீர் குடுக்கலாமுங்களா?"

"பனீர் குடுத்தா அப்புறம் இங்க தூக்கினு வரவே வேணாம்."

திருத்தணியில் கோழி வாங்கினால் அரை மணி நேரத்தில் கல்பனாவின் காதுக்குப் போய்விடும். அவர் பக்கத்து ஊரான கே.ஜி.கண்டிகைக்கு வண்டியை விட்டார். கறிக்கடை எல்லப்பனிடம் ஹெல்மெட்டைக் கழற்றாமலே பேசினார்.

"நூறு கிராம், ஒரு ஈரல். பொடியா நறுக்கு. எனக்கில்ல, ஒரு கீரி மாதிரி ஜந்துக்கு."

எல்லப்பன் ஆச்சரியப்படவில்லை. "கீரிக்கா? சரி" என்று நறுக்கினான்.

"வெளிய சொல்லாதப்பா."

"நான் எதுக்குங்க சொல்றேன்."

மொட்டை மாடி வீட்டுக்கு மேலேதான் இருக்கிறது, உள்ளே இல்லை என்று ஜெகநாதன் தனக்குத்தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டார். மதியச் சாப்பாட்டுக்கு வரும்போது, "பன்டிக்குக் கொஞ்சம் வெயில் காட்டினு வரேன்" என்று பின்பக்கப் படி வழியாக மேலே போனார். ஆனால் மாடியிலிருந்து மலைக்கோயில் நேராகத் தெரிந்தது. தெரிந்தால் அங்கிருந்தும் இது தெரியும். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் குடையை விரித்து, மலையை மறைத்து வைத்துப் பன்டிக்குக் கறி போட்டார். தொட்டி ஓரத்தில் ஏற்கெனவே ஒரு குடை கிடந்தது. மகள் துர்கா மறந்துவிட்டாள் போல.

வீட்டில் எல்லோருக்குமே அந்த ஜீவன் மேல் பாசம் வந்திருந்தது. விடியற்காலை மலை ஏறப் போகும் கல்பனா தாமதமாகத் திரும்பி வந்து, களைப்பைப் பார்க்காமல் பன்டிக்கு வெயில் காட்டினாள். சாயங்காலம் காலேஜிலிருந்து வந்ததும் துர்கா வெயில் காட்டினாள்.

இரண்டு நாள் பன்டி குதித்தது. மூன்றாம் நாள் மறுபடி வயிற்றால் போனது, முன்பைவிட மோசமாக. நான்காம் நாள் எழுந்திருக்கவே இல்லை.

"எவ்ளோ குடுக்கறீங்க?" என்றார் டாக்டர்.

"நீங்க சொன்ன அளவுதாங்க. சத்தியமா."

"அந்த அளவுக்கு இப்பிடிப் போவாதே. வயிறு கல்லு மாதிரி கீது. இதே மாதிரி ரெண்டு நாள் போனா தாங்காதுங்க."

ஜெகநாதனுக்குப் புரிந்துவிட்டது. குடை போதவில்லை. முருகன் பார்த்துவிட்டார். முதலில் பன்டி, அடுத்தது தன் நெஞ்சு. வரிசை அதுதான். அவருக்கு வாய் விட்டு அழ வேண்டும்போல் இருந்தது. அந்த வெள்ளை ஜந்து மடியில் கிடந்து, தெம்பில்லாமல் அவர் கட்டை விரலை நக்கியது.

"நைனா, மூஞ்சி ஏன் இப்பிடி வேர்த்துப் போயிருக்குது?" என்று வீட்டு வாசலிலேயே கேட்டாள் துர்கா. கல்பனா மாத்திரையும் தண்ணீருமாக வந்தாள். தாயும் மகளும் ஒருவரையொருவர் பார்க்காமல் அவரையே பார்த்தார்கள். அந்தப் பார்வையில் பயம் இருந்தது. தன் பாவம் முகத்திலேயே தெரிகிறது என்று அவர் நினைத்தார்.

நாளை மறுநாள் கிருத்திகை. அதற்குள் கல்பனாவிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தார். அதற்கு முன்னால் பாவத்தின் கணக்கை முடிக்க கே.ஜி.கண்டிகைக்குப் போனார்.

"எல்லப்பா, இனிமே எனக்குக் கறி வேணாம். சாமி குத்தமாயிடுச்சி. கீரி பொழைக்குமான்னே தெரியல."

கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்த எல்லப்பன் நிமிர்ந்தான்.

"என்னாங்க இது, இந்த ஊர்ல கீரிக்கெல்லாம் ஒரே சமயத்துல சீக்கு வருது? காலைல மஞ்சப் பொடவ கட்டினு ஒரு அம்மா, சாயங்காலம் காலேஜ் பஸ்லருந்து எறங்கி ஒரு பொண்ணு, அவங்களும் தெனம் கீரிக்குத்தான் வாங்கினு போறாங்க. வூட்டு ஆம்பளைக்குத் தெரிஞ்சா பயத்துலயே நெஞ்சு நின்னுடும், வெளிய சொல்லாதன்னு ரெண்டு பேரும் தனித்தனியா கெஞ்சறாங்க. பாவம், யாருங்க அந்த மனுஷன், உங்களுக்குத் தெரியுமா?"