விருந்தினருக்கான வேகம்

குறை தீர்க்கும் அலுவலகங்கள் உலகம் முழுக்க உண்டு. குறையே வராமல் செய்த அலுவலகம் என்று ஒன்று உண்டென்றால், அது நகரக் குடிநீர் வாரியத்தின் குறை தீர்ப்பு அலுவலகம் ஒன்றுதான். ஒரு குழாயைத் தொடாமல், ஒரு தெருவைத் தோண்டாமல், கூரையில் ஒட்டிக்கொண்டிருக்கும் சாப்பாட்டுத் தட்டு அளவு வெள்ளைப் பெட்டி ஒன்றைக் கொண்டே இந்த மகத்தான சாதனை நிகழ்த்தப்பட்டது.

நிகழ்த்தியவர் அந்த அலுவலகத்தின் கண்காணிப்பாளர். பெற்றோர் வைத்த பெயரைச் சம்பளப் பட்டியலில் விட்டுவிட்டு, மற்ற எல்லா இடத்திலும் 'சிக்னல்' என்ற பெயரோடு நடமாடினார். எந்தக் கோப்பு எதிரே வந்தாலும் உள்ளங்கையை உயர்த்தி, "நில்லுங்க, பாத்துட்டுப் போகலாம்" என்பார். சிவப்பு விழும், பச்சை விழுந்ததாக யாரும் பார்த்ததில்லை.

அலுவலகத்துக்கு வைஃபை பெட்டி வந்தபோது, அதை யார் பொறுப்பில் விடுவது என்று இயக்குநர் வெகுநேரம் யோசிக்கவில்லை.

"சிக்னல் சம்பந்தப்பட்ட விஷயம். நம்ம சிக்னல்கிட்டயே குடுத்துடுவோம்."

இப்படித்தான் தகுதியானவர் கையில் தகுதியான பொறுப்பு போய்ச் சேர்ந்தது. சிக்னல் பெட்டியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். பதினாறு வருடச் சேவையில் அவரை நம்பி ஒப்படைக்கப்பட்ட முதல் மின்சாரப் பொருள் அது.

பெட்டியை மாட்ட வந்த டெக்னீஷியன் ஏணி மேல் நின்றுகொண்டே பேசினார். அவருக்கு அன்றைக்கு இன்னும் நாலு இடம் போக வேண்டியிருந்தது.

"நடு ஹால்ல மாட்டினா எல்லாருக்கும் கிடைக்கும் சார்."

இயக்குநர் புன்னகைத்தார். "எல்லாருக்கும் கிடைச்சா அப்புறம் அதுக்கு என்ன மதிப்பு? என் ரூம்ல மாட்டுங்க."

பெட்டி இயக்குநர் அறைக் கூரையில் ஏறியது. டெக்னீஷியன் ஏணியை மடக்கினார். "சேனல், பவர், ஸ்பீடு எதையும் தொட வேணாம். எல்லாத்தையும் ஆட்டோல விட்டுடுங்க."

"ஆட்டோ எதுக்கு?" என்றார் இயக்குநர், கொஞ்சம் மனத்தாங்கலோடு. "ஆபீஸ் கார் இருக்கே."

டெக்னீஷியன் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

பெட்டியின் அமைப்புகளை முடிவு செய்ய, 'வலையமைப்பு மற்றும் செயல்திறன் உயர்நிலைக் குழு' மறுநாளே கூடியது. இயக்குநர் தலைமை. கணக்கு அதிகாரி உறுப்பினர். சிக்னல் செயலாளர். பெட்டியோடு வந்த கையேட்டை இரவெல்லாம் படித்திருந்ததால் அவர் கண்கள் சிவந்திருந்தன. அது அவருடைய பட்டப்பெயருக்கு இன்னும் பொருத்தமாக இருந்தது.

"சார், ரெண்டு விதமான அலை இருக்கு. ஒண்ணு சுவரைத் தாண்டித் தூரமாப் போகும், ஆனா மெதுவு. இன்னொண்ணு நல்ல வேகம். ஆனா சுவரைத் தாண்டாது."

"சுவரைத் தாண்டாம இருக்கறதுக்குப் பேருதான் ஒழுக்கம்" என்றார் இயக்குநர். இரண்டாவது அலை ஏகமனதாக நிறைவேறியது.

"அடுத்தது பவர் சார். எவ்வளவு வைக்கலாம்?"

கணக்கு அதிகாரி நாற்காலியின் நுனிக்கு வந்தார். "பவரைப் பத்தி இயக்குநர் முன்னாடி பேசறது மரியாதையா இருக்காது."

"பரவாயில்ல" என்றார் இயக்குநர் பெருந்தன்மையோடு. "என் பவர் இந்த ரூமை விட்டு வெளிய கசியாம இருந்தாப் போதும்."

குறைந்தபட்ச பவர் என்று சிக்னல் குறித்துக்கொண்டார்.

"கடைசியா, கெஸ்ட் இணைப்பு. முன்ஹால்ல இருக்கற தொடுதிரையில பொதுஜனங்க குறை பதிவு பண்றாங்க இல்லையா? அந்தத் திரை இதுலதான் வரும். விருந்தாளிக்கு எவ்வளவு வேகம், எவ்வளவு நேரம்னு கேக்குது."

"விருந்தாளின்னா வந்தமா, போனமான்னு இருக்கணும்" என்றார் கணக்கு அதிகாரி. அவர் வீட்டில் மைத்துனர் குடும்பம் வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது.

ஆகவே விருந்தினருக்கு ஆகக் குறைந்த வேகமும், ஆகக் குறைந்த நேரமும், ஆகக் கடைசி முன்னுரிமையும் தரப்பட்டன. அதிகாரிகளுக்கான இணைப்புக்கு 'அதி உயர் முன்னுரிமை'. சிக்னல் ஒவ்வொரு பொத்தானையும் தன் ஆள்காட்டி விரலால் அழுத்தி, 'சேமி' என்பதையும் அழுத்தினார். உடனே இயக்குநரின் செல்பேசியில் வேகம் அளந்து பார்த்தார்கள். முள் வலது ஓரத்தில் போய் இடித்தது. மூவரும் கை தட்டினார்கள்.

அதற்கடுத்த வாரம் அற்புதம் தொடங்கியது. தினமும் வந்து குவியும் குறைகள் பாதியாயின. பிறகு ஒற்றை இலக்கமாயின. பிறகு பூஜ்யம்.

"பாத்தீங்களா?" என்றார் இயக்குநர். "மக்களுக்கு நெட் குடுத்தோம். மக்கள் திருந்திட்டாங்க."

இந்தப் பொற்காலத்தில்தான் சிக்னல் வீட்டுக் குழாயில் தண்ணீர் நிறம் மாறி வந்தது. மனைவி ஒரு டம்ளரில் பிடித்து, படமெடுத்து, அவர் செல்பேசிக்கு அனுப்பிவிட்டுக் கூப்பிட்டாள்.

"ஏங்க, படம் பாத்தீங்களா? சாக்கடை நாத்தம் நாறுது. எதிர்வீட்டு அக்கா வீட்லயும் இதே கதைதான். இன்ஜினியர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க."

"பதிவு எண் இல்லாம இன்ஜினியர் பைப்பைத் தொட மாட்டார். அந்தச் சுற்றறிக்கையே நான் எழுதினதுதான். நீ முறைப்படி ஆபீஸ் வந்து குறை பதிவு பண்ணு."

"கட்டின பொண்டாட்டி சொல்றேன்."

"அதனாலதான் சலுகை காட்ட முடியாது."

அவர் குரலில் இருந்த நேர்மையைக் கேட்டு அவருக்கே புல்லரித்தது.

வீட்டிலிருந்தே பதிவு செய்யலாம் என்றால், பாதுகாப்புக் கருதி குறை பதிவுக்கான இணையப் பக்கம் அலுவலக இணைப்பில் மட்டும்தான் திறக்கும். தொலைபேசியில் குறை கேட்பதை முன்பே நிறுத்தியிருந்தார்கள். கூப்பிடுகிறவர்கள் கத்துகிறார்கள் என்று.

இரண்டு நாள் கழித்து மகளுக்கு வாந்தியும் காய்ச்சலும் வந்தன. மருத்துவமனையில் ஊசி போட்டபடி டாக்டர், "வீட்ல என்ன தண்ணி குடிக்கறீங்க? அப்பா எங்க வேலை பாக்கறார்?" என்று கேட்டார். மனைவி இரண்டுக்கும் ஒரே பதில் சொன்னாள்.

மருத்துவமனையில் பிள்ளையை எதிர்வீட்டு அக்காவின் பொறுப்பில் விட்டுவிட்டு அவள் நேரே அலுவலகம் வந்தாள். முன்ஹாலில் ஏற்கெனவே சிலர் திரை முன்னால் நின்றிருந்தார்கள். பெயர், தெரு, வீட்டு எண், குறையின் தன்மை எல்லாம் அடித்து, படத்தை ஏற்றினாள். ஒரு வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு திரை வெளுத்தது. 'தங்கள் வருகைக்கு நன்றி. மீண்டும் வருக.'

"இன்னொரு தடவை போட்டுப் பாருங்கம்மா" என்றாள் வரவேற்பில் இருந்த பெண்.

"எத்தனை தடவை?"

"கொஞ்ச வாரமாவே யாருக்கும் போகலம்மா. மேல சொன்னேன். 'மக்கள் பொறுமையாக் கத்துக்கணும்'னாங்க."

மனைவி விறுவிறுவென்று உள்ளே போய், இயக்குநர் அறையில் வேகம் அளந்துகொண்டிருந்த கணவனின் கையைப் பிடித்து இழுத்து வந்து திரை முன்னால் நிறுத்தினாள். இயக்குநர் அப்போது வெளியே போயிருந்தார்.

"போடுங்க. நீங்களே போடுங்க."

சிக்னல் போட்டார். வட்டம் சுற்றியது. நன்றி சொன்னது. இன்னொரு முறை போட்டார். மறுபடி நன்றி சொன்னது. வரிசையில் நின்றிருந்த ஒருவர், கையில் ஒரு கலங்கல் பாட்டிலோடு, "விடுங்க சார், உங்களுக்கும் பழக்கமாயிடும்" என்று ஆறுதல் சொன்னார்.

பூஜ்யம் எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் சிக்னலுக்கு உறைத்தது. திரும்பி ஓடி, கணினியில் பெட்டியின் பக்கத்தைத் திறந்தார். விருந்தினர் வேகம், விருந்தினர் நேரம். இரண்டே பொத்தான்கள். விரல் கிட்டே போனது.

"சிக்னல்!" கதவைத் திறந்துகொண்டு இயக்குநர் வந்தார். முகம் மலர்ந்திருந்தது. "நம்ம ஆபீஸ்தான் இந்த வருஷம் 'குறையற்ற அலுவலகம்'! வெள்ளிக்கிழமை தலைமை அதிகாரி கேடயத்தோட வர்றார். உங்க பேரைத்தான் எழுதியிருக்கேன். என்ன பண்ணிட்டு இருந்தீங்க?"

"ஒண்ணுமில்ல சார். சின்னதா ஒரு மாற்றம்..."

"நல்லா ஓடிட்டிருக்கும்போது எதுக்குக் கை வைக்கறீங்க? விழா முடியட்டும்."

விரல் பின்வாங்கியது. மற்றவர்களுக்கெல்லாம் சிவப்புக் காட்டிய கை, தனக்கும் காட்டிக்கொண்டது. வாசலில் நின்ற மனைவி அதைப் பார்த்தாள். மருத்துவமனைக்குத் திரும்பிப் போனாள்.

வெள்ளிக்கிழமை விழா இயக்குநர் அறையிலேயே நடந்தது. அங்கேதானே இணைப்பு கிடைக்கும்! சுவரில் பெரிய திரை. அதில் 'இன்றைய குறைகள்: 0' என்று நேரலையாக ஓடியது. ஊழியர்கள் ஒருவர் தோளில் ஒருவர் மூச்சுவிட்டபடி நின்றார்கள். மகளுக்குக் காய்ச்சல் இறங்கியிருந்ததால் மனைவியும் வந்திருந்தாள். அவளாக வருகிறேன் என்றது சிக்னலுக்கு ஆச்சரியம். கேடயம் வாங்கும்போது எடுக்கச் சொல்லி, தன் செல்பேசியை அவளிடம் கொடுத்தார். அதில் கேமரா நன்றாக இருக்கும். அதிகாரிகள் இணைப்பும் இருக்கும்.

தலைமை அதிகாரி பேசினார். "குறைகளைத் தீர்ப்பது சாதாரண நிர்வாகம். குறைகளை எழாமலே செய்வது..."

திரையில் எண் மாறியது. 'இன்றைய குறைகள்: 1.'

எல்லோர் தலையும் திரும்பியது. சுவர் முழுக்க ஒரு டம்ளர் பழுப்புத் தண்ணீர். கீழே பதிவு செய்தவர் பெயர் என்ற இடத்தில் சிக்னலின் பெயர். சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்த அந்தப் பெயர். அதற்கும் கீழே: 'தண்ணியில சாக்கடை. பிள்ளைங்க ஆஸ்பத்திரியில. சொல்ல வந்தா நன்றி சொல்லி அனுப்பறாங்க.'

"என்ன இது, டீயா?" என்றார் தலைமை அதிகாரி.

"தண்ணிங்க" என்றாள் மனைவி.

"நீங்க யாரும்மா?"

"போட்டோ எடுக்க வந்தவ."

இயக்குநர் வெளிறிப் போனார். கணக்கு அதிகாரி திரையின் மின்கம்பியைத் தேடினார். சிக்னல் மனைவியைப் பார்த்தார். அவள் செல்பேசியை இன்னும் அவரை நோக்கித்தான் பிடித்திருந்தாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் மகளின் கை எவ்வளவு சின்னதாக இருந்தது என்று அவருக்கு ஞாபகம் வந்தது. வாழ்க்கையில் முதல் முறையாக யாரையும் நிறுத்தாமல், தானும் நிற்காமல் பேசினார்.

"சார், மக்கள் திருப்தியா இல்ல சார். அவங்களால பதிவு பண்ண முடியல. விருந்தினர் இணைப்பை நான்தான் அப்படி வச்சேன். படம் ஏறறதுக்குள்ள அறுந்துடும். அந்த பூஜ்யம் பொய் சார். எனக்கு இந்தக் கேடயம் வேணாம்."

தலைமை அதிகாரி மெதுவாக நடந்து வந்து சிக்னலின் தோளில் கை வைத்தார். கூரையை அண்ணாந்து பார்த்தார்.

"இந்த ஒரே பெட்டியிலயா?"

"ஆமா சார்."

"ஆள் எடுக்கல? சுற்றறிக்கை விடல? யாரையும் திட்டி அனுப்பல?"

"இல்ல சார்."

"இதைத்தானய்யா இத்தனை வருஷமாத் தேடிட்டிருந்தோம்!" என்றார், கண் கலங்கி. "அந்த ஒண்ணு ஊழியர் குறை. மக்கள் கணக்குல வராது. கை தட்டுங்க!"

தட்டினார்கள்.

'அதி உயர் முன்னுரிமை' இணைப்பில் வந்த குறை என்பதால் மறுநாள் காலையிலேயே ஆட்கள் வந்து சிக்னல் வீட்டுக் குழாயை மட்டும் சரிசெய்துவிட்டுப் போனார்கள். பதிவு எண் ஒரு வீட்டுக்குத்தான். எதிர்வீட்டு அக்காவிலிருந்து தெருக்கோடி வரை எல்லோரும் குடத்தோடு அவர் வாசலில் நின்றார்கள். மனைவி குழாயை மூடவே இல்லை.

திங்கட்கிழமை சிக்னல் எல்லோருக்கும் முன்னால் அலுவலகம் போனார். விருந்தினர் இணைப்பைத் திறந்துவிட்டுத்தான் மறுவேலை என்று கணினியில் உட்கார்ந்தார். பாஸ்வேர்டை மாற்றியிருந்தார்கள். மேசை மேல் உத்தரவு இருந்தது.

அதைப் படித்துவிட்டு வீட்டுக்குக் கூப்பிட்டார். "எனக்குப் பதவி உயர்வாம்."

"எங்க?" என்றாள் மனைவி.

அவருக்குச் சொல்ல வாய் வரவில்லை. நகர மக்களுக்கு நாமாவது சொல்லிவிடுவோம். சிக்னல் அடுத்த மாதம் முதல் தேதி தீயணைப்புத் துறையின் அவசர அழைப்பு மையத்தில் பொறுப்பேற்கிறார். வெள்ளைப் பெட்டி அவருக்கு முன்பே போய்க் கூரையில் ஏறிவிட்டது. ஆகவே எல்லோரும் நிம்மதியாகத் தூங்கலாம். அன்றிலிருந்து இந்த ஊரில் ஒரு வீடும் தீப்பிடித்ததாகப் பதிவாகாது.