மேலிருந்து இரண்டாவது ரிப்பன்

"நீங்க பேச்சாளர்தானே? ஐயோ, தெய்வமே, வாங்க!" என்று யாரோ கையைப் பிடித்து இழுத்தபோது வெல்மாவின் ஹாட் டாக் பாதிதான் வாய்க்குள் போயிருந்தது.

சிகாகோ நூலகர் மாநாட்டின் கடைசி நாள். வெல்மாவின் கழுத்து அட்டையில், பொருந்துகிறதோ இல்லையோ, ஒன்றின் கீழ் ஒன்றாக ஒட்டிய ரிப்பன்கள் முழங்காலைத் தாண்டித் தொங்கின. முப்பத்து மூன்று! 'முதல் வருகை', 'பூனை வளர்ப்பவர்', 'அடியேன் அடிக்குறிப்புப் பைத்தியம்'... யாரிடம் அதிக ரிப்பன் என்ற போட்டியில் ஏழு வருஷமாக அவளை மண்ணைக் கவ்வ வைத்த சக நூலகர் க்ளைடிடம் முப்பத்திரண்டுதான். ஐந்து மணிக்குக் காபிக் கடை வாசலில் எண்ணிக்கை.

'பேச்சாளர்' ரிப்பன் முதல் நாள் பதிவு மேசையில் கேட்பாரற்றுக் கிடந்தது. மேலிருந்து இரண்டாவதாக ஒட்டிக்கொண்டாள். இப்போது உண்மையைச் சொன்னால் பிய்க்கச் சொல்வார்கள். பிய்த்தால் கீழே உள்ள முப்பத்தொன்றும் தரைக்கு.

"ஆமா, பேச்சாளர்தான்," என்றாள் வெல்மா. "ஆனா தொண்டை கட்டிக்கிச்சு."

"அதனால என்ன, மேடம்!" நீளக் கோட்டு போட்டிருந்த அந்த அம்மாள் மார்பில் 'தலைவர்' ரிப்பன் மின்னியது. "மைக் சத்தத்தை முழுசாத் திருகிடறேன்."

அரங்கில் நானூறு தலைகள். தலைப்பு, 'நனைந்த புத்தகங்களைக் காப்பது எப்படி?' முப்பது வருஷம் குழந்தைகளுக்குக் கதை படித்தவள் வெல்மா. அவளுக்கு நனைந்த குழந்தைகளைத்தான் தெரியும்.

"நேரா கேள்விக்குப் போயிடலாமே," என்றாள். தப்பிக்கும் வழி என்று நினைத்தாள். தொண்ணூறு கைகள் எழுந்தன.

"வெள்ளத்துல ஊறின புத்தகத்தை முதல்ல என்ன செய்யணும்?"

துரத்திவிடட்டும் என்றே வாய்க்கு வந்ததைச் சொன்னாள்: "ஃப்ரீசர்ல வைங்க. ஐஸ்கிரீம் பக்கத்துல."

"அடடா, அனுபவசாலி!" பின்வரிசையில் ஒருவர் துள்ளி எழுந்தார். "எங்க ஊர் வெள்ளத்துல நாங்க அதைத்தான் செஞ்சோம்! இன்னும் ஒரு மணி நேரம் பேசுங்கம்மா!"

கைதட்டலில் விளக்குகள் ஆடின. மணி நாலு ஐம்பது. எட்டாவது வருஷமும் க்ளைடா? வெல்மா தலைவியின் காதோடு கெஞ்சினாள்: "அம்மா, நான் பேச்சாளரே இல்ல. ஆசைப்பட்டு ஒட்டிக்கிட்டேன். ஆளை விடுங்க!"

தலைவி நாலு பக்கமும் பார்த்துவிட்டுக் கோட்டை லேசாக விலக்கினாள்.

"உஷ்ஷ்! நான் மட்டும் தலைவரா? ரிப்பனைப் பார்த்துட்டு இந்தக் கூட்டத்தை நடத்தச் சொல்லிட்டாங்க, பேச்சாளரையும் காணோம். இதைப் பிச்சா கீழ இருக்கற முப்பத்தஞ்சு ரிப்பனும் கொட்டிடுமேன்னுதான், மூணு மணியிலேர்ந்து எவனாவது பேச்சாளர் ரிப்பனோட மாட்டுவானான்னு வாசல்ல நின்னேன்!"