என் கிடங்கின் பின்னால் வந்து நின்ற பச்சைக்கோடு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே என் ஒருவனைத் தவிர எல்லோரும் சௌக்கியம். நீங்களும் பாப்பாவும் சௌக்கியமாகத்தான் இருப்பீர்கள். கோடு போடுகிறவருக்கு என்ன குறை?

உங்கள் நகரமைப்பு ஆபீஸ் அனுப்பிய வரைபடம் கிடைத்தது. ஏரிக்கரைப் பாதை, கால்வாய்ப் பாதை, பக்கத்து மூன்று ஊர்களின் சைக்கிள் பாதை எல்லாவற்றையும் கோத்து நாற்பது மைலுக்கு ஒரே நடைபாதை என்று பச்சைக்கோடு இழுத்திருக்கிறீர்கள். மெச்சினேன். ஆனால் அந்தக் கோடு என் கிடங்கின் பின்பக்கம் வந்ததும் புள்ளி புள்ளியாகி, பக்கத்தில் "உரிமையாளர் ஒப்புதல் வரவில்லை" என்று எழுதியிருக்கிறதே, நாற்பது மைலுக்கும் நான் ஒருவன்தான் முட்டுக்கட்டை என்று ஊர் முழுக்கப் படம் பார்த்துத் தெரிந்துகொள்ளவா? பின்பக்கத்து அந்த எண்பது அடி இடம் போனால் என் லாரி எங்கே திரும்பும், உங்கள் மேஜை மேலா? தலையில் நாற்காலி சுமந்து தெருத்தெருவாக விற்று வாங்கிய இடம். கொடுக்க மாட்டேன்.

சும்மாவும் இருக்கவில்லை. இருநூறு பிளாஸ்டிக் நாற்காலிகளை ஆளுயரம் அடுக்கி வழியை மறித்தேன். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால், இப்போதே அந்த வழியாகப் போய்வருகிற நடைப்பயிற்சிக்காரர்கள் ஆளுக்கொன்றை எடுத்துப்போட்டு உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க கால் வலி யாருக்குமே தோணலைங்க, உங்களுக்குத்தான் தோணுச்சு" என்று கண் கலங்குகிறார். அவரை எந்த வாயால் விரட்டுவது? சரி போகட்டும் என்று, 'இது பொதுவழி அல்ல' என எட்டடிப் பலகை நட்டேன். வெயில் ஏறியதும் நாற்காலிகளை அதன் நிழலுக்கு நகர்த்திக்கொண்டார்கள். குறுக்கே கயிறு கட்டினேன். வியர்வைத் துண்டைக் காயப்போட்டார்கள். போன வாரம் உங்கள் சர்வேயர் வந்து நாற்காலிகளை எண்ணி, "இளைப்பாறும் இடம், இருக்கைகள் இருநூறு" என்று படத்தில் குறித்துக்கொண்டார். வழியை அடைக்கத்தானய்யா போட்டேன் என்றேன். "எல்லாரும் இப்படி அடைச்சா எங்களுக்கு வேலை மிச்சம் சார்" என்று சிரிக்கிறார். இந்த ஆளுக்குச் சம்பளம் வேறு!

பாப்பா போனில், அவர் வேலை அப்படி, கோபித்துக்கொள்ளாதீர்கள் என்றாள். வேலைதானே, கோட்டைக் கொஞ்சம் வளைத்துப் போடுவதற்கென்ன? பக்கத்து டைல்ஸ் கடைக்காரன் பின்பக்கம் புல் முளைத்துக் கிடக்கிறது, அது உங்கள் கண்ணில் படவில்லையா? எந்த மந்திரி வந்து நின்றாலும் அந்த ஒப்புதல் தாளில் என் கையெழுத்து விழாது. மருமகன் என்பதற்காக விட்டுக்கொடுப்பேன் என்று கனவு காணாதீர்கள்.

நீங்களும் பாப்பாவும் நூறாண்டு நன்றாக இருங்கள், வேறு யார் இடத்திலாவது கோடு போட்டுக்கொண்டு.

இப்படிக்கு,
அசையாத மாமனார்

பின்குறிப்பு: ஒட்டும் முன் இதை உங்கள் அத்தையிடம் படித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டுவிட்டு, "எடம் யார் பேர்ல இருக்கு?" என்றாள். அவள் பெயரில்தான் இருக்கிறது. ராசி என்று நானேதான் பதிவு செய்தேன். செவ்வாய்க்கிழமையே சர்வேயரிடம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டாளாம். முழங்கால் வலிக்கு டாக்டர் நடக்கச் சொன்னதிலிருந்து அந்தக் கூட்டத்தில் அவளும் ஒருத்தியாம். நாளைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போகிறாளாம். போவேன். ஆனால் அந்த எண்பது அடி வந்ததும் ஓர் எட்டுகூட நடக்க மாட்டேன், நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவேன். இதையும் உங்கள் கோப்பில் சேர்க்கவும்.