முதல் கட்டத்துக்கு மூன்று பேர்

"மூணாவது கட்டம்னா எங்களுக்கு மரியாதை இல்லைன்னுதானே அர்த்தம்?" என்றார் ஜேம்ஸ்.

மடிக்கணினித் திரையில் அவர் முகம், கல்யாண வீட்டில் முதல் பந்திக்குக் கூப்பிட மறந்துவிட்ட மாப்பிள்ளை வீட்டுச் சித்தப்பாவின் முகம் போல இருந்தது. தாமோதரன் சமாதானம் சொல்ல வாயைத் திறந்தான். அதற்குள் திரையின் பக்கத்துச் சதுரத்திலிருந்து கிருஷ்ணன், அப்படியென்றால் தன்னை மூன்றாவதாகத் தள்ளப் பார்க்கிறீர்களா என்று கேட்டார். ஜெஸ்ஸி ஒன்றும் கேட்கவில்லை. கேமராவை மட்டும் அணைத்துவிட்டாள்.

விஷயம் இதுதான். தாமோதரனின் சென்னைக் கம்பெனி ஓர் ஏஐ ஏஜென்ட் தயாரித்துக்கொண்டிருந்தது. சொன்ன வேலையைத் தானே யோசித்துச் செய்கிற மென்பொருள். அதற்கு மூளை இருந்தது, கை இல்லை. அந்தக் கைகளைத்தான் ப்ளக்இன் என்றார்கள். மெயில் அனுப்ப ஒரு கை, அது கிருஷ்ணன் டீம். மீட்டிங் குறிக்க ஒரு கை, ஜெஸ்ஸி டீம். பணம் கட்ட ஒரு கை, ஜேம்ஸ் டீம். மூன்றையும் ஒரே நாளில் மாட்டினால் எது கோளாறு செய்கிறது என்றே கண்டுபிடிக்க முடியாது. எனவே கட்டம் கட்டமாக மாட்ட வேண்டும். எந்தக் கை எந்தக் கட்டத்தில் என்று திட்டம் போடுவது தாமோதரனின் வேலை.

சாதாரண நாளாக இருந்தால் அவனும் இதற்கு இவ்வளவு வியர்த்திருக்க மாட்டான். ஆனால் வீட்டிலிருந்து வேலை பார்த்தது போதும், எல்லோரும் இனிமேல் ஆபீசுக்கு வந்தாக வேண்டும் என்று மேனேஜர் மார்கரெட் சொல்லிவிட்டார். தாமோதரன் கெஞ்சிப் பார்த்தான். மூன்று டீமும் ஒப்புக்கொண்ட திட்டம் வெள்ளிக்கிழமைக்குள் கைக்கு வந்தால் அவன் விஷயத்தை யோசிக்கலாம் என்று அந்த அம்மாள் ஒரு சின்னக் கதவைத் திறந்து வைத்தார்.

பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பத்திலிருந்து பொன்னேரிக்கு பஸ், அங்கிருந்து ரயில், இறங்கி மறுபடியும் பஸ். விடியுமுன் கிளம்பினால் ஊர் அடங்கிய பிறகுதான் வீடு. அவனுடைய ஏழு மாதக் குழந்தை பூவிழி அவன் போகும்போதும் தூங்குவாள், வரும்போதும் தூங்குவாள். அப்பா என்பவர் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்துபோகும் விருந்தாளி என்று அவள் நினைத்துவிடுவாளோ என்று அவனுக்கு நிஜமாகவே பயமாக இருந்தது.

ஆகவே அவன் மூளையைக் கசக்கினான். ஒன்று, இரண்டு, மூன்று என்று இருப்பதால்தானே சண்டை? எல்லோரும் முதல் கட்டம்தான், ஒன்று ஏ, ஒன்று பி, ஒன்று சி என்று மாற்றினான். ஜேம்ஸ் 'சி'யைப் பார்த்துவிட்டு ஒரு மணி நேரம் பேசினார். சரி, எண்ணும் வேண்டாம், எழுத்தும் வேண்டாம் என்று மல்லி, முல்லை, ரோஜா என்று பூப்பெயர் வைத்தான். எந்தப் பூ முதலில் பூக்கும் என்று கிருஷ்ணன் கேட்டார். மனம் வெறுத்துப்போய், ஜேம்ஸை மட்டும் குளிர்விப்பதற்காக முதல் கட்டத்துக்கு முன்னால் பூஜ்யக் கட்டம் என்று ஒன்றைப் போட்டான். மறுநாள் காலையில் மூவரும் பூஜ்யக் கட்டத்தில் வரிசையாக நின்றார்கள். முதல் கட்டத்தில் ஆளே இல்லை.

"இன்னா மாமா, தனியா பேசிக்கினு கீற?" என்று மனைவி மாலதி எட்டிப் பார்த்தாள். அவள் இடுப்பில் இருந்த பூவிழி அவனைப் பார்த்துக் கையை நீட்டினாள். "இரும்மா, அப்பா உனக்காகத்தான் சண்டை போடறேன்," என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டான்.

புதன்கிழமை சாயங்காலம் மூன்று பேரோடும் பேசிக்கொண்டிருக்கும்போதே நெட் போயிற்று. கூட்டம் பாதியில் நின்றால் பழி அவன்மேல் விழும். கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு சிக்னல் கிடைக்கிற ஏரிக்கரைக்கு ஓடினான். அங்கே பாடு கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஏரியில் இறால் நன்றாக விழுகிற இடங்கள் கொஞ்சம்தான். எல்லோரும் அங்கேயே வலை போடப் போனால் மண்டை உடையும். அதனால் சீட்டுப் போட்டு முறை வைத்து இறங்குவார்கள். இன்றைக்கு நல்ல இடம் கிடைத்தவன் நாளைக்குச் சுமாரான இடத்துக்குப் போவான். அதற்குத்தான் பாடு என்று பெயர். பங்காளி முறையில் தாமோதரனுக்கு அண்ணனான அங்கமுத்து பெயர்களை உரக்கக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். தாமோதரனின் கைப்பேசி வழியாக அந்தக் குரல் சென்னைக்கும் போயிற்று.

சண்டை போட்டுக்கொண்டிருந்த மூவரும் திடீரென்று அமைதியானார்கள். யார் அது, ஏன் ஒருவரும் எதிர்த்துப் பேசவில்லை என்று ஜேம்ஸ் விசாரித்தார். தாமோதரன் விளக்கினான். விளக்கும்போதே அவனுக்குப் பொறி தட்டியது.

"நாமளும் அப்படியே வச்சுக்கலாமே. யாரும் முதல் இல்ல, யாரும் கடைசி இல்ல. முதல் இடம் முறை வச்சு மாறி மாறி வரும்," என்றான்.

மூவரும் சரி என்றார்கள். உடனே சரி என்றார்கள். அதில் ஏதோ இடிக்கிறது என்று தாமோதரனுக்குத் தோன்றியிருக்க வேண்டும். சந்தோஷத்தில் தோன்றவில்லை.

இதை அங்கமுத்துவிடம் பெருமையாகச் சொன்னான். அவர் தலையைச் சொறிந்தார். "ஏரில மீனு அங்கியே கீது, ஆளு மாறலாம். உன் பொம்மைக்குக் கையைக் கழட்டிக் கழட்டி மாட்டுனா அது இன்னாடா செய்யும்?" என்று கேட்டுவிட்டு, தனக்குக் கம்ப்யூட்டர் பற்றி ஒரு மண்ணும் தெரியாது என்று அவரே சொல்லிக்கொண்டார். தாமோதரன் அந்த இரண்டாவது பாதியை மட்டும் எடுத்துக்கொண்டான்.

வியாழக்கிழமை ஆபீசில் சோதனை ஓட்டம். முதல் முறை ஜெஸ்ஸியுடையது. மீட்டிங் கையை மாட்டியதும் ஏஜென்ட் குஷியாகிவிட்டது. கம்பெனியில் இருக்கிற அத்தனை பேரையும் பெரிய ஹாலில் கூட்டுவதாக ஒரு மீட்டிங் குறித்தது. அடுத்து முறைப்படி அந்தக் கையைக் கழற்றி ஜேம்ஸின் கையை மாட்டினார்கள். இவ்வளவு பேர் வருகிறார்களே என்று அது எல்லோருக்கும் போண்டாவும் டீயும் வரவழைத்துப் பணமும் கட்டியது. தகவல் சொல்ல வேண்டிய மெயில் கைக்கு அப்போது முறை வரவில்லை. ஆகவே ஒருவரும் வரவில்லை. ஹாலில் போண்டா மட்டும் வந்து உட்கார்ந்திருந்தது.

தவறைச் சரிசெய்யக் கிருஷ்ணனின் கையை அவசரமாக மாட்டினார்கள். அது கடமை தவறாமல், மீட்டிங்குக்கு வராதவர்கள் காரணம் சொல்ல வேண்டும் என்று கம்பெனி முழுவதற்கும் மெயில் போட்டது. முதலாளிக்கும் சேர்த்து.

அன்று தாமோதரனுக்குச் சோறு இறங்கவில்லை. எல்லாம் முடிந்தது, திங்கட்கிழமை முதல் ரயில்தான் என்று மாலதியிடம் சொன்னான். குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு அதன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். மாலதிக்கும் கண் கலங்கிவிட்டது. போனால் போகிறது, தினமும் ரயிலிலிருந்து வீடியோ காலில் பேசினால் குழந்தை மறக்காது என்று தேற்றினாள்.

வெள்ளிக்கிழமை மார்கரெட் கூட்டத்துக்கு வந்தார். மூன்று டீமும் ஆஜர். தாமோதரன் மன்னிப்பில் ஆரம்பித்தான். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"கோளாறு இருந்தா சரி பண்ணிக்கலாம். இந்த கம்பெனியில மூணு டீம் ஒரு விஷயத்துல ஒத்துப்போனதை நான் இன்னைக்குத்தான் பார்க்கறேன். திட்டம் ஓகே," என்றார். அவன் விஷயத்தையும் முடிவு செய்தாயிற்று, ஜெஸ்ஸி விவரம் சொல்வாள் என்று சொல்லிவிட்டு அவசர வேலையாகக் கிளம்பிப் போனார். ஜேம்ஸும் கிருஷ்ணனும் சிரித்த முகத்தோடு கும்பிடு போட்டு மறைந்தார்கள்.

தாமோதரன் எழுந்து நின்றே விட்டான். மாலதியைக் கூப்பிட்டு, குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டான். ஜெஸ்ஸி மட்டும் திரையில் இருந்தாள். அவளைப் பார்க்கவே அவனுக்கு அன்பு பொங்கியது. அந்த அன்பில், இத்தனை நாளாக மனதை அரித்துக்கொண்டிருந்ததைக் கேட்டான். ஒரு ப்ளக்இன் இரண்டு வாரம் பிந்தினால் குடியா முழுகிவிடும், எதற்காக மூன்று பேரும் அப்படி அடித்துக்கொண்டீர்கள்?

ஜெஸ்ஸிக்கு ஆச்சரியம். "உங்களுக்குத் தெரியாதா சார்? முதல் கட்டத்துல எந்த டீம் வருதோ அவங்க வீட்லருந்தே வேலை பார்க்கலாம்னு மேடம் எங்ககிட்ட சொல்லியிருந்தாங்க. எனக்கும் வீட்ல கைக்குழந்தை. இப்ப உங்க புண்ணியத்துல மூணு டீமும் முறை வச்சு வீட்ல இருக்கப் போறோம்."

தாமோதரனின் தோளில் பூவிழி அவன் காதைப் பிடித்து இழுத்தாள்.

"அப்ப நான்?"

"நீங்க இல்லாம எப்படி சார்?" என்றாள் ஜெஸ்ஸி. "யாரோட முறைன்னு கூப்பிட, தினமும் ஆபீஸ்ல ஒரு ஆள் வேணும்ல?"