வரிசையென்றால் ஆகாதவர்

காலை எட்டு மணிக்கே பேராலயத்தின் வரிசை மதிலைச் சுற்றிக்கொண்டு தபால் நிலையம் வரை வந்திருந்தது. வாலில் போய் நின்றதும் அவர் முகம் சுருங்கிப் போனது.

முப்பத்தாறு வருஷம் ரயில் நிலைய டிக்கெட் கவுண்டருக்குள் உட்கார்ந்து வரிசையைப் பார்த்தவர். அதில் நிற்பது அவருக்கு மானப் பிரச்சினை.

"இன்னைக்கு விட்டா கிடையாது. நாளைக்கு வீட்டைக் காலி பண்ணிட்டு மகளோட ஊருக்குப் போறோம்," என்றார்.

"அதுக்கென்ன, நின்னு பாத்துட்டே போவோம்," என்றாள் மனைவி.

நாற்பது வருஷத்துக்கு முன்னால் இதே வரிசையில்தான் இருவரும் முதன்முதலாகப் பேசிக்கொண்டார்கள். வெயிலுக்கு அவர் குடையை அவள் பக்கம் சாய்த்தார். "அப்ப உங்களுக்கு?" என்று அவள் கேட்டாள். பேச்சு ஐந்து மணி நேரம் ஓடியது. அவர்கள் முறை வந்தபோது கதவைச் சாத்திவிட்டார்கள். அதற்கப்புறம் கல்யாணம், குழந்தை, ஷிப்ட் வேலை. உள்ளூரிலேயே இருந்தும் உள்ளே போக வாய்க்கவில்லை.

"நீ இடத்தை விடாம நில்லு. பக்கத்து மியூசியத்துக்குள்ளேயே கோயிலுக்கு ஒரு கதவு இருக்காம். பாத்துட்டு வரேன்."

கால் மணி நேரத்தில் மூச்சிரைக்க வந்தார். "அங்கே பத்தே பேர்தான்! வா, வா!"

போய் நின்றார்கள். முறை வந்ததும் உள்ளேயிருந்த பெண் கையை நீட்டினாள்.

"பையைக் குடுங்க."

"டிக்கெட்டும்மா..."

"இது பை வைக்கிற இடம் ஐயா. மியூசியத்துக்கும் கோயிலுக்கும் ஒரே வரிசைதான். அதோ, அங்கே."

திரும்பி வந்தபோது வால் தபால் நிலையத்தைத் தாண்டி ரொட்டிக்கடை வாசலில் இருந்தது.

அப்போதுதான் மஞ்சள் தொப்பி போட்ட கூட்டம் ஒன்று விறுவிறுவென்று போனது.

"குழுவா வந்தா தனி வாசலாம். பேசாம என் பின்னாலயே வா," என்று கிசுகிசுத்தார்.

கொடி பிடித்திருந்தவர் தலைகளை எண்ணினார். "முப்பத்திரண்டு. ரெண்டு கூடுதலா இருக்கே? சரி, குறைஞ்சாத்தான் வம்பு."

கூட்டம் போனது, திரும்பியது, ஏறியது. ஏறியது பேருந்தில். தொப்பிக்காரர்கள் முதல் ஆளாக வந்து எல்லாவற்றையும் பார்த்து முடித்தவர்கள். இவர் கத்திக் கூப்பாடு போட்டு இறங்குவதற்குள் வண்டி ஆற்றுப் பாலத்தைத் தாண்டிவிட்டது.

நடந்து வரும் வழியெல்லாம் மனைவிக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"கவுண்டருக்குள்ள இருந்துக்கிட்டு எத்தனை பேரை 'வரிசையில வாங்க'ன்னு விரட்டியிருப்பீங்க!"

"சிரி, சிரி. இந்தத் தடவையும் உனக்குக் காட்டாமலே போயிடுவேன் போல," என்றார்.

மறுபடி வாலில் நின்றார்கள். இப்போது வால் மருந்துக்கடையில். குறுக்கு வழி யோசிக்க அவரிடம் தெம்பில்லை, பேசத்தான் முடிந்தது. மழைக்கு ஒழுகிய முதல் வாடகை வீடு. மகள் நடக்கப் பழகிய பிளாட்பாரம். மனைவியைப் பிரிய மனசில்லாமல் அவர் வேண்டாமென்று எழுதிக்கொடுத்த பதவி உயர்வு.

"அதை ஏன் எங்கிட்ட சொல்லவே இல்ல?" என்றாள்.

"சொல்லியிருந்தா போகச் சொல்லியிருப்பே."

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். மருந்துக்கடையும் ரொட்டிக்கடையும் நகர்ந்து போனதை இருவரும் கவனிக்கவில்லை.

வாசலை எட்டியபோது சாத்துவதற்குப் பத்து நிமிஷம் இருந்தது.

"ஜெயிச்சுட்டோம்!" என்றார் அவர், நரைத்த தலையைத் துடைத்துக்கொண்டே.

வாசல் காவலாளி அவரைத் தாண்டி மனைவியைப் பார்த்தான்.

"ஏம்மா, அறுபது தாண்டினவங்களுக்கு வரிசையே இல்ல, பக்கத்து வாசல்ல நேரா போகலாம்னு காலையிலேயே வந்து சொன்னேனே. 'அவர் காதுல போட்டுடாதீங்க, நாங்க கொஞ்சம் நிக்கணும்'னீங்க. நின்னது போதுமா?"