புரோக்ராஸ்டினேட்டுக்கு ஒரு வாக்கியம்

புதுக்கோட்டையில் காரியத்தைத் தள்ளிப்போடுவதற்கென்று ஒரு விருது கொடுத்தால், எங்கள் 'நாளைக்கு சார்' அதையும் அடுத்த வாரம் வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிடுவார்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் மாடியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்தினார். செல்போன் கடையில் வேலை பார்த்த நான் ஞாயிறு காலைகளில் அவரிடம் படித்தேன். ஃபேன் ஓடாது. "நாளைக்கு ஆள் வருவாருங்க" என்பார். கோடை போய் மழையே வந்துவிட்டது, ஆள் வரவில்லை. பல்வலிக்கு டாக்டரைப் பார்க்காமல் இழுத்தடித்ததில், நாங்கள் கொஞ்ச நாள் கற்றதெல்லாம் வீங்கிய கன்னத்தின் உச்சரிப்பு.

கூடப் படித்தவர்களில் செல்வி ஒருவர். ஊர் மீமிசல், இங்கே நர்ஸ் வேலை. சாரும் அவரும் விரும்புவது வகுப்புக்கே தெரியும். பெண் கேட்கப் போவதைத்தான் சார் வாராவாரம் தள்ளிக்கொண்டிருந்தார்.

ஒருநாள் போர்டில் 'புரோக்ராஸ்டினேட்' என்று எழுதினார்.

"மழைன்னு கூட்டத்த வேற தேதிக்கு மாத்துனா போஸ்ட்போன். செய்யணும்னு தெரிஞ்சும் சாக்குச் சொல்லி இழுத்தா, அது புரோக்ராஸ்டினேட். யாராச்சும் ஒரு வாக்கியம் சொல்லுங்க பாப்போம்."

செல்வி எழுந்தார்.

"வெள்ளிக்கெழம என்னையப் பொண்ணு பாக்க வாராங்க. எங்க சார் புரோக்ராஸ்டினேட் பண்ணிக்கிட்டு இருக்காரு."

சார் போர்டு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இங்கிலீஷ்ல சொல்லணுங்க..."

"மொதல்ல நீங்க எங்க அப்பாகிட்ட தமிழ்ல சொல்லுங்க சார்!"

"நாளை..." என்று தொடங்கியவர் பாதியில் நிறுத்தி, என்னைப் பார்த்தார். "மீமிசலுக்குக் கூட வாரீங்களா? இப்பவே?"

மூவரும் பஸ் ஏறினோம். அறந்தாங்கியில் சார் எழுந்தார். "பூ, பழம் வாங்கலையே... இன்னொரு நாள் வருவமா?" நான் வழியை மறித்து உட்கார்ந்துகொண்டேன்.

செல்வியின் அப்பா மீன் வியாபாரி. சார் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, மகள் முகத்தை ஒருமுறை பார்த்தார். "சரி, தை பொறக்கட்டும். வச்சுக்குவோம்."

"தையெல்லாம் வேணாம் மாமா!" சார் அலறிவிட்டார். "சீக்கிரமா வைங்க. எம்மனசு மாறாது. ஆனா என்னைய நம்ப முடியாது."

செல்வியின் அப்பா சிரித்த சிரிப்பில் அடுத்த வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். வெள்ளிக்கிழமை வருவதாக இருந்தவர்களுக்கு அப்போதே போன் போட்டு, வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

செல்வி ஊரிலேயே தங்கிவிட்டார். திரும்பும்போது சார் என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனார். புதுக்கோட்டை வந்து எல்லோரும் இறங்கிய பிறகும், அவரை எழுப்ப எனக்கு மனசே வரவில்லை.